கடைசிப் பக்கத்து வானம்

“ஒரே ஒரு ஆனை, உடைச்சதாம் பானை” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்ததும், டீத்தூள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. ஆனையோடு பாட்டு நின்றுவிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். பானை என்றால் மூத்திரப் பானை. நிற்கவில்லை. “ரெண்டு குட்டிக் குரங்கு, மரத்தை விட்டு இறங்கு.” குரங்கோடு நின்றால், கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும் என்று பொருள். அதிலும் நிற்கவில்லை. மூணு வெள்ளை முயலு, நாலு குட்டி நரி, அஞ்சு மஞ்சள் குஞ்சு, ஆறு வெள்ளை ஆடு என்று ஊர்வலம் வந்துகொண்டே இருந்தது. “ஏழு வாத்துக் கூட்டம், தண்ணிக்குள்ள ஆட்டம்.” அங்கே நின்றது. அவள் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். “வாத்து வந்தாச்சு, குடிங்க புலவரே” என்றாள். அவர் கோணிய வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார்.

வாய் ஓயாத மனுஷன் அவர். தெருவில் எதிரே வருகிறவரை நிறுத்தி வைத்துப் பேசி, அந்த ஆள் எங்கே போகக் கிளம்பினோம் என்பதையே மறக்கும்படி செய்துவிடுவார். மூளையில் ஏதோ ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதில் வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, அந்தப் பேச்சும் போயிற்று. மருத்துவமனையில் கண் விழித்து, அவளைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது வந்தது ‘ஒரே ஒரு ஆனை’ தான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவளோ, சித்தம் கலங்கிப் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டாள். மருத்துவர்தான் உட்காரவைத்து விளக்கினார். யோசித்துச் சொல்லைத் தேடிப் பிடித்துப் பேசுவது ஒன்று, ஆயிரம் தடவை சொல்லித் தடம் விழுந்துபோனதைச் சொல்வது வேறொன்று. முதலாவது போய்விட்டது. இரண்டாவது தப்பித்திருக்கிறது. அவருக்குள் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, வெளியே வர அந்த ஒரு வழிதான் மிச்சம்.

அந்தப் பாட்டு அவர் எழுதியது, படங்கள் அவள் போட்டவை. மகளுக்கு எண் சொல்லிக்கொடுக்க வீட்டுக்குள் பிறந்த பாட்டு அது. பிறகு புத்தகமாகி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் நின்று பாடுவார், ஆனை மாதிரி ஆடுவார், குரங்கு மாதிரி சொறிந்துகொள்வார். அவள் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளைகள் நீட்டுகிற புத்தகத்தில் எல்லாம் குட்டிக் குட்டியாக வாத்து போட்டுக் கொடுப்பாள். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது: அவளுக்கு அவர் புலவர், அவருக்கு அவள் ஓவியர். “ஓவியரே, டீ கிடைக்குமா?” “ஓவியரே, என் கண்ணாடி எங்கே?” அவருக்கென்று ஒரு பென்சில் அந்த வீட்டில் இருந்ததே கிடையாது. அவள் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பின்னால் வந்து சத்தமில்லாமல் அதை உருவிக்கொண்டு போவார். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழும். “அடப் பாவி மனுஷா!” என்று அவள் கத்துவாள். திருப்பிக் கொடுத்த சரித்திரமே இல்லை.

இப்போது அந்தப் பாட்டே அவர்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஜன்னலைத் திறக்க முயல் வரி, ஏனென்றால் அதில் ‘முன்னால பச்சை வயலு’. தலையணை சரியில்லை என்றால் ‘அஞ்சு மஞ்சள் குஞ்சு, அத்தனையும் பஞ்சு’. பாலுக்கும் டீக்கும் சேர்த்து ‘எட்டுப் பூனைக் குட்டி, பால் எங்கே சுட்டி’. பசித்தால் ‘ஒம்பது எறும்பு வரிசை, ஆளுக்கொரு அரிசி’. அந்த ‘வரிசை’க்கு ‘அரிசி’ ஓசையில் சரியாகச் சேரவில்லை என்று இத்தனை வருஷமும் புலம்பித் தீர்த்தவர் அவர்; இன்றைக்கு அதுதான் சோறு போட்டது. மருத்துவமனையில் இருந்தவரை ஒரு நாளில் எத்தனையோ தடவை ‘ஆறு வெள்ளை ஆடு, அதுக்கு எங்கே வீடு?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டால் ‘நாலு குட்டி நரி, நாங்க சொன்னா சிரி’. ஒரே தொல்லை, நடுவிலிருந்து தொடங்க அவரால் முடியாது. வாத்து வேண்டுமென்றாலும் ஆனையிலிருந்துதான் வர வேண்டும். அவசரத்துக்கு உரியது முதல் பக்கத்திலேயே அமைந்தது யார் செய்த புண்ணியமோ.

அவளிடம் ஒன்றைச் சொல்வதற்காகப் பத்தாவது பக்கம் வரை அவர் போனது ஒரே தடவைதான். மருந்து வாங்கப் போன இடத்தில் கூட்டம், அவள் திரும்பிவர வெகு நேரமாகிவிட்டது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் ஆனையில் ஆரம்பித்து மூச்சு வாங்க வாங்கக் கடைசி வரை வந்துவிட்டார். “பத்துப் பறவை பறந்து, போச்சு நம்மை மறந்து.” முகத்தை வேறு திருப்பிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தப் பத்தாவது பக்கத்துக்கு ஒரு சண்டை உண்டு. பாட்டு அதோடு முடியவில்லை. பறந்துபோன பறவைகள் திரும்பி வருகிற மாதிரி இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தார். அவள்தான் வேண்டாம் என்றாள். கடைசியாக விரியும் இரண்டு பக்கத்திலும் எழுத்தே இல்லாமல் வெறும் வானம் மட்டும் இருக்கட்டும் என்றாள். “அட, குழந்தைங்க பயந்துடும், பறவைங்க வரணும்” என்றார் அவர். “எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா குழந்தைக்கு என்ன வேலை? காலியா விடுங்க, அது பார்த்துக்கும்” என்றாள் இவள். அவளுடைய தொழில் நம்பிக்கையே அதுதான். எதைப் போடுவது என்பதைவிட எதைப் போடாமல் விடுவது என்பதில்தான் படம் இருக்கிறது என்பாள். சண்டை முற்றி, ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல், கடைசியில் அவர் அந்தத் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு இறங்கி வந்தார். பத்தாவது பக்கத்தின் மூலையில் அவள் சின்னச் சின்னதாக, இரண்டு கோட்டில் ஒன்றாகப் பறவைகளைப் போட்டு முடித்தபோது, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “ஓவியரே, இது போகுதா, வருதா?”

“கண்ணு தெரியலையா? போகுது. நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

“தூரத்துல இருக்கிறப்போ எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார். பென்சிலையும் உருவிக்கொண்டு போய்விட்டார்.

வாரத்துக்கு இரண்டு தடவை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். மகளைவிடச் சின்னவள், பொறுமைக்குப் பிறந்தவள். படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, ஒரு கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, “த… தண்…” என்று உதட்டையும் நாக்கையும் காட்டுவாள். அவருடைய நெற்றியில் நரம்பு புடைக்கும். ‘த’ வரும். அதற்கு மேல் வராது. ஒரு நாள் பயிற்சிக்கு நடுவிலேயே அவர் ஆனையில் ஆரம்பித்து வாத்தில் நிறுத்த, அவள் பழக்க தோஷத்தில் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பயிற்சிப் பெண் போகும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு தானா வர்றது. அதை வச்சே எல்லாம் நடந்துட்டா அவர் வார்த்தையைத் தேட மாட்டார். உடனே ஓடாம, கொஞ்சம் காத்திருந்து பாருங்களேன்.”

“காத்திருந்தா பேச்சு வருமா?”

“வரலாம். இப்பதான் வர்ற காலம். நாள் ஆக ஆகக் கஷ்டம்.”

அவள் கேட்க நினைத்த கேள்வி வேறு. என்னை மறுபடியும் ஓவியரேன்னு கூப்பிடுவாரா என்று கேட்க வேண்டும். இந்த வயதில் இப்படி ஒன்றை யாரிடம் கேட்பது? புத்தகத்தில் ஆனை இருக்கிறது, எறும்பு இருக்கிறது, அவள் எங்கேயும் இல்லை. எத்தனை தடவை அவர் ஒன்றிலிருந்து பத்து வரை போனாலும் அவளைக் கூப்பிடுகிற சொல் அந்த வழியில் வரப்போவதில்லை. அவருக்குத் தண்ணீர் கிடைத்தது, பால் கிடைத்தது, பானை கிடைத்தது. அவளுக்குத்தான் அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை. அதற்காக ஏங்கிச் செத்துக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம்.

பயிற்சிப் பெண் சொன்னது, கொஞ்சம் காத்திரு என்று. அவளுக்கோ எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லை. அன்றைக்கே, எப்போதும் அவர் கட்டிலோரம் கிடக்கிற புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், தன் படத்தாள்களை வைக்கிற அகலமான இழுப்பறையில் தாள்களுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பாட்டை மொத்தமாக எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகும், காலியான இடத்தில் பேச்சு வந்து உட்காரும். ஆயுசு முழுக்கக் காகிதத்தில் பலித்த கணக்கு அது.

மறுநாள் காலையில் ஊர்வலம் கிளம்பியது. ஆனை, குரங்கு, முயல், நரி, குஞ்சு, ஆடு, வாத்து. அவள் தம்ளரோடு போய்க் கட்டிலருகே நின்றாள். கொடுக்கவில்லை. “என்ன வேணும்? சொல்லுங்க. த… தண்…”

அவர் தம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் ஆனையிலிருந்து நிதானமாக, இன்னும் உரக்க, பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார். வாத்தில் நிறுத்தி, இடது கையை நீட்டினார்.

“அது பாட்டு. எனக்குப் புரியல. என்ன வேணும்னு சொல்லுங்க.”

எனக்குப் புரியல என்று சொன்னபோது அவள் குரல் தடுமாறத்தான் செய்தது. ஆனாலும் சொன்னாள். நாலு நாள் கல் நெஞ்சாக இருந்தால் ஆயுசுக்கும் பேச்சு கிடைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை பாட்டு வேகமாக வந்தது. நரியில் தடுக்கி, திரும்ப ஆனைக்கே போய், அங்கிருந்து விழுந்தடித்து வந்தது. உதடு வறண்டிருந்தது. “த” என்றார். “த… த… தத்…” கழுத்து சிவந்தது. “ம்… அதுதான், அதுதான், இன்னும் ஒண்ணு, தண்…” என்று அவள் குனிந்தாள். அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். விளையாட்டா என்று பார்த்தார், இல்லை என்று கண்டுகொண்டார். நீட்டியிருந்த கையை மெதுவாக மடக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பினார்.

அவள் பதறிப்போய்த் தம்ளரை வாயருகே கொண்டுபோனாள். “இந்தாங்க, குடிங்க. குடிங்க புலவரே.” உதடு திறக்கவில்லை. தண்ணீர் தாடை வழியாக இறங்கித் தலையணையை நனைத்தது.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு மத்தியானம் எறும்புக்கும் அப்படித்தான் நின்றாள், மறுநாள் பூனைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் பாட்டு குறைந்துகொண்டே வந்தது. பாதியில் நின்றது, பிறகு ஆனையோடு நின்றது. ஒரு காலையில் வாயைத் திறந்தார், ஆனைகூட வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இடது கையால் தம்ளரைக் காட்டினார். கட்டிலைத் தட்டினார். அவ்வளவுதான். வீட்டில் பாத்திரச் சத்தமும் தெருச் சத்தமும் தவிர வேறு இல்லை. இதோ காலியாகிவிட்டது, இனி வரும் என்று அவள் காத்திருந்தாள்.

மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். தினமும் சாயங்காலம் போனில் கூப்பிடுவாள். அம்மாவிடம் மருந்து விசாரித்துவிட்டு, “அப்பாகிட்ட குடும்மா” என்பாள். அவர் காதில் போனை வைத்தால் அங்கிருந்து ஒரு வரி, இங்கிருந்து ஒரு வரி என்று இரண்டு பேரும் பத்து வரை போய்விட்டுத்தான் வைப்பார்கள். சில நாளாக, அப்பா தூங்குகிறார் என்று அவள் சமாளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மகள் விடவில்லை. இவள் போனை அவர் காதில் வைத்தாள். “அப்பா, நான்தான்பா. ஒரே ஒரு ஆனை…” என்று அங்கே குரல் கொஞ்சியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஒரே ஒரு ஆனை… அப்பா? உடைச்சதாம்… என்னப்பா, பானை இல்லையா?” அவர் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து போனின் மேல் விழுந்தது. அவள் போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? ஏன் சொல்ல மாட்டேங்கிறார்?”

“பயிற்சிக்காக நிறுத்தியிருக்கேன்டா.”

“எதை? பாட்டையா? யாரும்மா உன்னை நிறுத்தச் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. அடுத்த தடவை பயிற்சிப் பெண் வந்தபோது அதுவும் உறுதியாயிற்று. அந்தப் பெண் வெகு நேரம் அவரிடம் பேசிப் பார்த்தாள், கண்ணாடியைக் காட்டினாள், தானே ஆனையில் ஆரம்பித்துப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைகளை அடுக்கிப் பைக்குள் வைத்துவிட்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை. “நிறுத்தச் சொல்லலையேம்மா” என்று மட்டும் மெல்லச் சொன்னாள். “கொஞ்சம் காத்திருங்கன்னுதானே சொன்னேன். பாட்டுலேர்ந்துதான் ஒவ்வொரு வார்த்தையா எடுக்கலாம்னு நினைச்சிருந்தேன். நமக்கு இருந்தது அது ஒண்ணுதான்.”

“திரும்ப வருமா?”

“முயற்சி பண்ணலாம்மா” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே.

அந்தப் பெண் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு அப்படியே அதில் சாய்ந்து நின்றாள். ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு இருந்த பத்து வரியையும் பிடுங்கிவிட்டோமே என்று நினைத்தாள். தாகம் என்று கேட்ட மனுஷனிடம் எனக்குப் புரியல என்று சொன்னவள் அவள். உலகத்தில் அது புரிகிற ஒரே ஆளும் அவள்தான். வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கலைந்த தலையை முடிந்து, மேஜைமேல் கிடந்த பென்சிலைப் பழக்கத்தில் கொண்டையில் செருகிக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து தாள்களுக்கு அடியில் கையை விட்டாள்.

சாயங்கால வெயில் கட்டிலின் பாதி வரை வந்திருந்தது. அவரைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, நல்ல கைப் பக்கம் ஒட்டி உட்கார்ந்து, இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகப் புத்தகத்தை விரித்தாள். பாட்டு அவர் இலாகா. இத்தனை வருஷத்தில் அவள் வாய்திறந்து ஒரு வரி சொன்னதில்லை. “ஒரே ஒரு ஆனை” என்றாள். நிறுத்திக் காத்திருந்தாள். அவர் படத்தைப் பார்த்தார். “உடைச்சதாம் பானை” என்று அவளே சொல்லிப் பக்கத்தைத் திருப்பினாள். குரங்குக்கும் முயலுக்கும் அதே கதைதான். “நாலு குட்டி நரி, நாங்க சொன்னா…” என்றபோது அவளால் ‘சிரி’ என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தைச் சும்மா திருப்பினாள். வாத்துப் பக்கம் வந்ததும் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றும் கேட்காமல் வாயருகே வைத்தாள். அவர் குடித்தார். முழுவதும் குடித்தார். “மன்னிச்சுடுங்க புலவரே” என்றாள். அவர் தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்துப் பறவை பறந்து, போச்சு நம்மை மறந்து.” அதையும் அவளேதான் சொன்னாள். திருப்பினாள். வானம். இரண்டு பக்கமும் நிறைய, சாயங்கால நீலம், ஒரு சொல் இல்லை, ஒரு கோடு இல்லை. இந்தப் பக்கத்தைப் பார்த்து அவள் எத்தனை பெருமைப்பட்டிருக்கிறாள். இப்போது பார்க்கப் பயமாக இருந்தது. குழந்தைங்க பயந்துடும் என்று அவர் சொன்னது சரிதான்.

“மாலை ஆனா திரும்பி…” என்று அவள் வாய் தானாகச் சொன்னது. தான் வேண்டாம் என்ற அந்த வரி. அடுத்தது? யோசித்தாள். திரும்பி, திரும்பி… அதற்கு என்ன போட்டிருந்தார்? கோபத்தில் இருந்ததால் காதில் வாங்கவே இல்லை. சுருட்டி எறிந்த தாளைக் குப்பையோடு கூட்டித் தள்ளியதும் அவள்தான். எங்கேயும் அச்சில் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடியதில்லை. அந்த வரி இருக்கிற ஒரே இடம் பக்கத்தில் சாய்ந்திருக்கிற இந்தத் தலைக்குள்தான்.

“மாலை ஆனா திரும்பி… என்ன புலவரே? அப்புறம் என்ன எழுதியிருந்தீங்க?”

அவர் வாயைத் திறந்தார். உதடு ஏதோ ஓர் எழுத்துக்கு இடம் தேடியது. காற்றுதான் வந்தது. அவள் இந்தத் தடவை எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. எடுத்துக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். அவர் இடது கை மெல்ல எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் போயிற்று. தடவித் தடவிக் கழுத்தைக் கண்டுபிடித்து, கொண்டையைக் கண்டுபிடித்தது. பென்சிலை உருவினார். தலைமுடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அவள் கத்தவில்லை. அசையக்கூட இல்லை.

பழகாத இடது கை. வானத்தின் நடுவில் பென்சில் முனையை ஊன்றி ஒரு கோடு இழுத்தார். சறுக்கியது. அதன் நுனியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் கோணல் மாணலாக ஒட்டிக்கொண்டு நின்றன. ஆயுசில் ஒரு படம் போட்டிராத மனுஷன், அவள் காலியாக விட்ட இடத்தில் போட்டது.

“ஓவியரே” என்றாள் அவள். அந்த வீட்டில் அந்தச் சொல் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“இது போகுதா, வருதா?”

பென்சிலைக் கீழே வைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். கண்ணை இடுக்கி, கிட்டத்தில் பார்த்தாள், கை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தாள். படம் போட்டே தலை நரைத்தவளுக்கு, அந்தப் பெரிய நீலத்தில் அத்தனை தூரத்தில் இருந்த பறவைக்குத் தலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.